கேணல் சேருக்கு வணக்கம்

ஏ.எல். பாஸ் பண்ணி, இசட் புள்ளியையும் தாண்டி, பல்கலைக்கழகத்தின் கடிதம் எப்போது வரும் என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு 2011ஆம் ஆண்டு முதலில் கிடைத்தது முகாமுக்கு வரச்சொல்லும் அழைப்பு. அன்றைய உயர்கல்வி அமைச்சர் எஸ்.பி. திசாநாயக்க நாட்டுக்குத் தந்த வரம் அது. பெயர் தலைமைத்துவப் பயிற்சி. இடம் இராணுவ முகாம். காலம் மூன்று வாரம். மே 23ஆம் திகதி முதல் தொகுதி உள்ளே போனது, சுமார் 10,000 பேர். மருத்துவம் படிக்கப் போகிறவளும் இடப்பக்கம் திரும்பு, கணக்கியல் படிக்கப் போகிறவனும் வலப்பக்கம் திரும்பு. பாடத்தில் இருப்பது பெரும்பான்மையினரின் வரலாறு மட்டும்தானே என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் கேட்டார்கள். உயர் நீதிமன்றத்துக்கும் விஷயம் போனது. மனுக்கள் தள்ளுபடி.

யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு இந்தப் பயிற்சியிலிருந்து விலக்குக் கொடுத்திருக்க வேண்டும். முன் அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வரிசையில் நிற்பது, கையைத் தூக்குவது, சென்றி வந்ததும் சைக்கிளால் இறங்கி உருட்டுவது, அடையாள அட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பது, கேட்டால் மட்டும் வாய் திறப்பது: இவ்வளவையும் அவர்கள் பாலர் வகுப்பிலேயே முடித்துவிட்டார்கள். சுற்றிவளைப்பில் விடிய எழும்பிக் கோவில் வெளியில் குந்தியிருந்தவனுக்கு முகாமில் விடிய எழும்பக் கற்றுக்கொடுக்க அரச செலவில் ஓர் ஆள்!

பிள்ளைகளை விடுங்கள், எங்கள் கட்டடங்களே பயிற்சி பெற்றவை. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியின் பிள்ளைகள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். கல்லூரி வளவு மட்டும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் தங்கிவிட்டது. 2016இல்தான் திரும்பி வந்தது. 26 வருடம்! கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில்கூட இவ்வளவு நீண்ட பாடநெறி கிடையாது. அந்த வளவுக்கு ஒரு ஜெனரல் பட்டமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

முதலாம் வருடம் தலைமைத்துவம் படித்தவன் அடுத்து என்ன படிப்பான்? 2012 நவம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் ஆமி புகுந்தது; மாணவிகளின் விடுதியையும் விடவில்லை. மாவீரர் நாளுக்கு விளக்குக் கொளுத்துகிறார்களாம். மறுநாள் அதைக் கண்டித்து ஊர்வலம் போனவர்களுக்கு அடி. பிறகு மாணவர் தலைவர்கள் நால்வரைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு பிடித்து வெலிக்கந்தைக்கு அனுப்பியது, புனர்வாழ்வுக்கு. தலைமைத்துவம் வேண்டும் என்று முகாமுக்குக் கூப்பிட்டதும் அன்றைய அரசுதான். தலைவனாக வந்தவனைத் திருத்த வேண்டும் என்று இன்னொரு முகாமுக்கு ஏற்றியதும் அதே அரசுதான். இரண்டுக்கும் நடுவில் முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. எப்படிப்பட்ட தலைவனைத் தேடினார்கள் என்பது இதற்கு மேலும் விளங்காதவருக்கு விளங்கப்படுத்த என்னால் ஆகாது.

அதே காலத்தில் அதிபர்மாருக்கும் யோகம் அடித்தது. தேசியப் பாடசாலை அதிபர்களை ரந்தம்பையில் உள்ள மாணவர் படையணியின் பயிற்சி முகாமுக்கு அழைத்துப்போய், பயிற்சி முடிய கேணல் பதவியும் சீருடையும் கொடுத்து அனுப்பினார்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் குடுவை கேட்டுக் கடிதம் எழுதும் அதிபரைவிட, சல்யூட் அடிக்கும் அதிபர் அமைச்சுக்கு மலிவு. கணக்கு வாத்தியார் லீவு கேட்கப் போனால் குதியை அடித்து நிற்க வேண்டுமா, வேட்டியை இறக்கிவிட்டால் போதுமா என்று சுற்றறிக்கையில் சொல்லியிருக்கலாம்.

படிப்பையும் துவக்கையும் முடிச்சுப் போட்டது அமைச்சர் திசாநாயக்கதான் என்று சொன்னால் வரலாற்றுக்கு அநியாயம். 1970களில் தரப்படுத்தல் என்று ஒன்று வந்தது. பல்கலைக்கழகக் கதவைச் சாத்திவிட்டுப் பெடியளைக் காட்டுக்கு அனுப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆயுத இயக்கங்கள் மட்டும் என்ன குறைச்சலா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கூட்டம் வைத்து ஆள் சேர்த்தார்கள். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தார்கள். அதைச் சொல்லக் கூசுகிறவர்களுக்கு அமைச்சரைத் திட்டும் யோக்கியதை இல்லை.

படையில் சேர விரும்புகிறவர் சேரட்டும். நாட்டுக்குப் படை வேண்டும், படைக்குப் படித்த அதிகாரி வேண்டும். அதற்குத்தான் இரத்மலானையில் கொத்தலாவல இருக்கிறது: பட்டம் முடிய அதிகாரிப் பதவி. அது போதாது என்று அதன் அதிகாரத்தை விரிக்க 2021இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். எதிர்த்துத் தெருவுக்கு வந்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும் தனிமைப்படுத்தல் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே? முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்கு. தெற்கில் ஒரு வாத்தியார் இராணுவக் கல்வி வேண்டாம் என்றால், அவரை அடைக்க வடக்கில் முகாம் தயாராக இருக்கிறது. ஊர்ச்சனம் தங்கள் காணியைக் கேட்டு மாதக்கணக்கில் தெருவில் குந்தியிருந்த அதே கேப்பாப்புலவு!

வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்தது. மாகாணத்தின் கொடுப்பனவைவிடப் பல மடங்கு. ஆனா எழுதப் பழக்குகிறவள் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில். ஆக, நுழைவில் முகாம், நடுவில் முகாம், வேலை தேடினாலும் முகாமின் காசு.

இத்தனை பயிற்சிக்கும் பிறகு எங்கள் பிள்ளை எதுவரை உயரலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு ஒரு தகவல். ஒக்ஸ்போர்ட்டில் படித்த அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர் 1955இல் இலங்கை இராணுவத்தின் தளபதியானார். இலங்கையர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1959இல் அவர் பதவி விட்டார். அதன் பிறகு அந்தக் கதிரையில் ஒரு தமிழரும் இருந்ததில்லை.