கள்ளுக்கு நாள் குறித்தவன்

கேரளத்தில் ஒன்பது பேர் சேர்ந்து கள் குடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிப்பது, செவ்வாய் தோஷப் பெண்ணுக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம். சும்மா சொல்லவில்லை. எங்கள் டீமுக்கு அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவன் நான். வலியசாலை அக்ரஹாரத்துப் பையன், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்திருக்கும் என்று ஆபீஸில் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நான் குடிக்காதவன் என்பதைக் கூடுதல் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் தாலி கட்டிக்கொள்ளவா வருகிறார்?

எல்லாம் லண்டன் ஆபீஸ்காரர்கள் ஆரம்பித்து வைத்தது. அவர்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கிராமத்துப் பப்களுக்குள் சைக்கிளில் புகுந்து புறப்பட்டு, சிவந்த மூக்குகளோடு போட்டோ அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேனேஜர் கோட்டயத்துக்காரர். போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்மளிடம் ஷாப்பு உண்டல்லோ" என்றார். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று எழுதித் தென்னந்தோப்பு ஓரமாக நிற்குமே, அந்தக் கள்ளுஷாப்பு. இங்கே சாராயத்தை 1996இல் ஒழித்தார்கள், 2014இல் பார்களை வரிசையாக மூடினார்கள், பிறகு திறந்தார்கள். ஷாப்பு மட்டும் எந்தக் கொள்கைக்கும் அசையாமல் மீன்கறி வைத்துக்கொண்டிருக்கிறது.

எச்.ஆர். மேடத்துக்குச் சட்டக் கவலை வந்தது. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும்? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம் என்கிறது. ஆனால் அது மோட்டார் வண்டிக்கு. சைக்கிளுக்கு மோட்டார் இல்லை. மேடம் நிம்மதியானார். லண்டன்காரர்கள் பாடுதான் சிரமம். அங்கே 1872லேயே, குடித்துவிட்டு வண்டி, குதிரை, மாடு, நீராவி எஞ்சின் எதையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். மாட்டையும் சேர்த்தவர் அனுபவஸ்தராக இருக்க வேண்டும்.

நாளுக்கு வருகிறேன். விருச்சிகம் ஒன்றாம் தேதி முதல் 41 நாள் மண்டல விரதம். டீமில் மூன்று கழுத்தில் மாலை. அது முடிவதற்குள் டிசம்பர் ஒன்றில் தொடங்கும் இருபத்தைந்து நோன்பு, அதில் மேனேஜரே அகப்பட்டார். அதைத் தாண்டினால் மகரவிளக்கு. பிறகு ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பு. ரம்ஜானோ ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, காலியாக இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. கும்பத்தில் ஆற்றுகால் பொங்காலை. அன்றைக்கு நகரத்து ரோடெல்லாம் செங்கல் அடுப்பு, சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஜூனில் மழை. கர்க்கடகம் ராமாயண மாதம், போதாததற்கு மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதம். ஓணத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் வேளிமலையிலிருந்து முருகனும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். முருகன் தங்குவது எங்கள் பக்கத்து ஆரியசாலையில். விருந்தாளி தெருக்கோடியில் இருக்கும்போது கள்ளுக்குக் கிளம்ப எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கு மேல் அரசாங்கத்தின் டிரை டே வேறு. மாதம் ஒன்றாம் தேதி, காந்தி ஜெயந்தி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம். கள் கூடவே கூடாது என்று ஊர் ஊராகச் சொன்ன ஸ்ரீநாராயண குருவுக்கு ஜெயந்தி ஒன்று, சமாதி ஒன்று. அவர் பிறந்த செம்பழந்தி எங்கள் ஆபீஸ் இருக்கும் கழக்கூட்டத்துக்குப் பக்கம்தான். எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே போனதில் மிஞ்சியது மகர மாதத்துக் கடைசி ஞாயிறு. ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு, அதற்குள் திரும்பிவிடுவது நல்லது என்றேன். ஏழு பேர் போனில் குறித்துக்கொண்டார்கள்.

புறப்படுவதும் எங்கள் தெருவிலிருந்தே என்று ஆனது. கார்களை நிறுத்த இடம் உண்டு என்பதுதான் காரணம். காந்தளூர் மகாதேவர் கோயில் எதிரில் ஹெல்மெட்டும் மினுங்கும் சட்டையுமாக ஒன்பது சைக்கிள்கள். ராஜராஜ சோழன் படையெடுத்த காந்தளூர்ச் சாலை எங்கள் தெருதான் என்பது இங்கே பால்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம். இல்லை, அது விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு, அவர்களை நாங்கள் காபிக்குக் கூப்பிடுவதில்லை. ராஜராஜனுக்குப் பிறகு இத்தனை பேர் ஒரே நோக்கத்தோடு இங்கே அணிவகுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். திண்ணைகளில் பேப்பர்கள் தாழ்ந்தன.

"எங்கேடா கூட்டமா?" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

"திருவல்லத்துக்கு."

"திருவல்லமா? இன்னிக்கு அமாவாசை இல்லையே?"

எங்கள் தெருவில் திருவல்லம் என்றால் பரசுராமர் கோயில், பரசுராமர் கோயில் என்றால் பித்ருக்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்காக அங்கே போகலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. "சும்மா, தரிசனத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தேன். அதில் பொய் இல்லை. கோயிலைத் தாண்டித்தான் ஷாப்புக்குப் போக வேண்டும்.

கிள்ளிப்பாலம், மணக்காடு, அம்பலத்தறை என்று காலை வெயிலில் மிதித்துத் திருவல்லத்தையும் தாண்டி முதல் ஷாப்பில் இறங்கினோம். நாங்கள் நுழைந்ததும் உள்ளே பேச்சு நின்றது. ஒரு பெரியவர் தன் கிளாஸைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "எக்சைஸா சாரே?" என்றார் பரிமாறுகிறவர். ஒரே மாதிரிச் சட்டையில் ஒன்பது பேர் வந்தால் வேறு எப்படி நினைப்பார்? ஐ.டி. கம்பெனி என்றதும் பெரியவர் கிளாஸை எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வையில் எக்சைஸ்மேல் இருந்த மரியாதை எங்கள்மேல் இல்லை.

வெளியூர்க்காரர்கள் ஷாப்பைச் சாராயக்கடை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இது அடிப்படையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கள், சாப்பாட்டை வரவழைக்க ஒரு சாக்கு. மீன்கறிக்காகவே குடும்பத்தோடு கார் போட்டுக்கொண்டு வருகிற ஷாப்புகள் கோட்டயம், ஆலப்புழை பக்கம் எத்தனையோ. எங்கள் டீமும் முதல் குப்பி பாதி தீர்வதற்குள் சைக்கிளை மறந்து, லண்டன் ஆபீஸை மறந்து, கரிமீனுக்கும் நெத்திலிக்கும் கட்சி பிரிந்து சண்டை போட ஆரம்பித்தது. "சாமிக்கு எந்தா?" என்று என்னிடம் கேட்டார்கள். நெற்றியில் ஒன்றும் இல்லை, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது புரியவே இல்லை. மீன்கறியில் மீனை எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று பரிவோடு விசாரித்தார் பரிமாறுகிறவர்.

எனக்கு மரச்சீனியும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் வந்தன. சின்ன உள்ளியும் காந்தாரியும் உப்பும் சதைத்துப் பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டது. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. சோறில்லாத ஜனங்களுக்காகச் செய்தார் என்பார்கள். கள்ளுஷாப்பில் மாட்டிக்கொள்ளும் சைவனையும் அவர் மனதில் வைத்திருந்தார் என்றே அன்று எனக்குப் பட்டது. மூன்று தட்டு ஆனது.

அதற்குப் பிறகு சைக்கிள்கள் நேராகப் போகவில்லை. புஞ்சக்கரி வயல் வழியாக வெள்ளாயணி போனோம். 'கிரீடம்' படம் வந்தது 1989இல். அதில் வந்த பாலத்துக்கு இன்றும் கிரீடம் பாலம் என்றே பெயர். மேனேஜர் அதில் சாய்ந்து நின்று, மோகன்லால் மாதிரித் துக்கமாகத் தூரத்தைப் பார்த்தார். எட்டாவது போட்டோவில் அந்தத் துக்கம் உண்மையாகிவிட்டது. சைக்கிள் ஸீட் அதன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

திட்டப்படி பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அங்கிருந்து களியிக்காவிளை எல்லை. எல்லையைத் தாண்டினால் கதையே மாறும். அதே பனைமரம், அதே பாளை, ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை. டாஸ்மாக்கில் பிராந்தி வாங்கலாம், மரத்திலிருந்து இறக்கியதைக் குடித்தால் கேஸ். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் பயணத்தின் 'கற்றல் நோக்கம்' என்று அனுமதி விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். கற்றல் பாலராமபுரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரோட்டோரம் ஒருவர் அக்கானி விற்றுக்கொண்டிருந்தார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு. நான் நிமிர்ந்து நின்று இரண்டு டம்ளர் குடித்தேன். மற்ற எட்டுப் பேரும் அவர் போட்டிருந்த பெஞ்சில் சரிந்து, இனி ஒரு மிதி மிதிக்க முடியாது என்று அறிவித்தார்கள்.

வாழைத்தார் இறக்கிவிட்டுச் சும்மா திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினிலாரி எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டது. ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வலியசாலைக்குள் நுழைந்தோம். இதை யாராவது கவனித்துப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா எல்லாருக்கும் மோர் கலக்கிக் கொண்டுவந்தாள். மேனேஜர் திண்ணையில் ஒரு பக்கமாக, மிக ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தார்.

"திருவல்லத்துல எல்லாம் நன்னா ஆச்சா?" என்றாள் அம்மா அவரிடம்.

"உஷாராயிருந்நு அம்மே. பக்ஷே, ரெண்டு குப்பிக்கு மேலே கிட்டியில்லா."

"அதுக்கென்ன பண்றது, ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி" என்றாள் அம்மா. "தீர்த்தம் அவ்வளவுதான் குடுப்பா."