டொமைன் மாமா

கேரள எல்லையோரத்துக்காரருக்கு எதை வாங்குவதானாலும் ரெண்டு பக்கமும் விலை கேட்காமல் பையில் கை போகாது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு. வண்டிக்குத் தீனி அந்தப் பக்கம். 2003-இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்துவிட்டது. கோயமுத்தூர்க்காரரின் அதிர்ஷ்டம் இந்தப் பக்கம். கள்ளுக்கு அங்கே 1987 முதல் தடை. தாகமும் இந்தப் பக்கம்தான். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசை வந்தால் அவர் டொமைன் மாமா ஆகிவிடுகிறார்.

வடகரப்பதிப் பக்கம் இப்படி ஒருவரையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் தென்னை, நிறைய ஓய்வு. சட்டைப் பையில் போன், கக்கத்தில் லாங் சைஸ் நோட்டு. ஊர்க் கதை, கோயில் கதை, மழை பொய்த்த கதை எல்லாவற்றையும் எழுதி உலகத்துக்குக் கொடுக்கப்போகிறார். ஃபேஸ்புக்கில் எழுதலாமே என்றால் கோபம் வரும். “ஜியோசிட்டீஸ்னு ஒண்ணு இருந்துது, தெரியுமா கண்ணு? சனமெல்லாம் ஓசி எடம்னு போய்க் குடியேறுச்சு. 2009-ல யாஹூக்காரன் கதவச் சாத்திட்டான். எழுதுனதெல்லாம் போச்சு. அடுத்தவன் திண்ணையில படுத்தா, அவன் எழுப்புறப்ப எந்திரிக்கோணும்.”

பேச்சு நியாயமானதுதான். மாமாவிடம் உள்ள சங்கடமே, அவர் பேசுவதெல்லாம் நியாயமாக இருப்பதுதான்.

அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டங்கள்: முதல் வருஷம், ரினியூவல், ஜிஎஸ்டி, டிரான்ஸ்பர், ‘வாய்’. கடைசிக் கட்டம், கஸ்டமர் கேர் ஆள் பேசிய தோரணைக்கு மாமா போடும் மார்க். சிவப்பு மை ரினியூவலுக்கு மட்டும். முதல் வருஷம் 99 ரூபாய் என்று விளம்பரத்தில் தடியாக எழுதியிருந்தால் மாமா மூக்கை உறிஞ்சுவார். “டாட் காமுக்கு மொத்த வியாபாரி வெரிசைன்தான். 2024 செப்டம்பர்ல இருந்து அவன் வெலை 10 டாலர் 26 சென்ட். கொள்முதலே அத்தன ஆகறப்ப இவன் 99-க்குக் குடுக்கறான்னா, என்ன, என்ற மேல பாசமா? ரெண்டாம் வருசம் தோலை உரிச்சுப்போடுவான்.” தேங்காய் மண்டி விலையையும் வெரிசைன் விலையையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் அவர். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2017-இல் ஜிஎஸ்டி வந்து எல்லையில் இருந்த வணிகவரிச் செக்போஸ்ட்டை எடுத்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான்; ஆனால் அது ஒவ்வொரு பில்லின் அடியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லையாம்.

ஹோஸ்டிங் கணக்கு இன்னும் சுவாரசியம். ‘மாதம் வெறும் இத்தனை ரூபாய்’ என்று இருக்கும். அந்த விலை வேண்டுமென்றால் மூன்று நான்கு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தைப் படிக்கவென்றே மாமா ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார். ‘அன்லிமிடெட்’ என்று போட்டவனை விடவே மாட்டார். எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பை எந்தப் பக்கத்தில் ஒளித்திருக்கிறான் என்று தேடிப் பிடித்து, அந்த ஆளிடமே படித்துக் காட்டுவார். SSL-க்குத் தனிக் காசு கேட்டால் தொலைந்தான்: “லெட்ஸ் என்கிரிப்ட்காரன் 2015-ல இருந்து அதைச் சும்மா குடுக்கறான், நீங்க எதுக்குங் காசு கேக்கறீங்க?” அப்புறம் சர்வர் மும்பையில் வேண்டுமா, சிங்கப்பூரிலா என்ற ஆராய்ச்சி. வருகிற வாசகர் நாலு பேர். அந்த நாலு பேரும் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டாதவர்கள். இருந்தாலும் மில்லி செகண்ட் கணக்கு நோட்டில் ஏறிவிடும்.

பெயர் விஷயத்தில் வேறு தகராறு. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்து ஒய்யா, ஐயா? பஸ் போர்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. ரெண்டையும் வாங்கினால் செலவு ரெட்டிப்பு. ஒன்றை மட்டும் வாங்கினால் இன்னொன்றை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். தமிழிலேயே வாங்கிவிடலாம் என்று ஒரு நாள் பொறி தட்டியது. ‘.இந்தியா’ என்று தமிழெழுத்திலேயே முடியும் முகவரி இருக்கிறது, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ கூட உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர். நாம் முகவரியையாவது தமிழில் வைக்க வேண்டாமா? பெருமையோடு சரிபார்த்தால், கணினி உள்ளுக்குள் அதை எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அதுவே வெளியிலும் தெரிந்தது. அத்தை எட்டிப் பார்த்து, “இது எந்த பம்பர் நம்பருங்?” என்று கேட்டதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

இவ்வளவு தெரிந்த மனிதரை ஊர் சும்மா விடுமா? கல்யாண போட்டோகிராபர், நாற்றுப் பண்ணைக்காரர், மில் ஓட்டுகிறவர் என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு டீக்கடை பெஞ்சில் தினமும் இலவச ஆலோசனை. அதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. “டொமைன் உன்ற பேர்ல, உன்ற மெயில்ல இருக்கோணும். சைட் செஞ்சு தர்ற பையன் பேர்ல போட்டீன்னா, அவன் துபாய்க்குப் போன அன்னிக்கு உன்ற கடைப் பேரும் ப்ளேன் ஏறிரும். டொமைனை ஒருத்தன்கிட்ட வாங்கு, ஹோஸ்டிங்கை இன்னொருத்தன்கிட்ட வாங்கு. ஒருத்தன் மக்கர் பண்ணுனா இன்னொருத்தன் இருப்பான். வாங்கறதுக்கு முன்னாடியே, வெளிய போறதுக்கு வழி என்னன்னு கேளு. டிரான்ஸ்பர் கோடு கேட்டா ஒடனே குடுப்பியான்னு கேளு. புதுசா வாங்குன 60 நாளைக்கு மாத்த முடியாது, அதையும் மனசுல வெய்யி.”

“சரிங் மாமா, வாங்கிட்டா நம்முளுதுதானுங்களே?” என்று போட்டோகிராபர் கேட்டார்.

“எங்க நம்முளுது? இது கிரயமில்ல கண்ணு, குத்தகை. ஒரே வீச்சுல 10 வருசத்துக்கு மேல எவனும் எழுதித் தரமாட்டான். தவணை தப்புனா, டாட் காமுக்கு 45 நாள் வரைக்கும் பொறுத்தாலும் பொறுப்பான். அதுக்கு மேல ஒரு 30 நாள், அபராதத்தோட மீட்டுக்கலாம். அப்புறம் 5 நாள். அதுவும் தாண்டுனா சந்தைக்குப் போயிரும். எவன் வேணா பிடிச்சுக்கலாம்.”

போட்டோகிராபர் அன்று ராத்திரியே வாங்கிவிட்டார். பண்ணைக்காரர் மறுவாரம். மில்காரர் மாமா சொன்ன கம்பெனியில், மாமா சொன்ன விலைக்கு, மாமா சொன்ன மாதிரியே. எல்லாருடைய சைட்டும் ஓடுகிறது. மாமாவின் நோட்டில் மட்டும் புதிய கட்டங்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு கம்பெனி கிட்டத்தட்ட முடிவாகும் நேரத்தில் தீபாவளி ஆஃபர் வரும். பொறுத்திருந்தால் ஓணம் ஆஃபரை விட்டோமே என்ற வருத்தம் வரும். ரெண்டு மாநிலப் பண்டிகையும் கொண்டாடுகிறவருக்குத் தள்ளுபடிக் காலமும் ரெட்டிப்பு. ஒருவழியாக கூகுள் டொமைன்ஸ்தான் என்று பச்சை மையில் வட்டம் போட்டார். 2023-இல் கூகுள் அந்த வியாபாரத்தையே ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. “பாத்தியா, நான் அவசரப்படாதது எத்தன நல்லதாப் போச்சு!” என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில், கோயமுத்தூரில் காலேஜ் படிக்கும் தங்கச்சி மகள் லீவுக்கு வந்தாள். கிட்ஹப்பில் ஓசியாகவே ஒரு பக்கம் போடலாம், டொமைன் பிறகு வாங்கி அதிலேயே இணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மதியச் சோறு வேகும் நேரத்துக்குள் பக்கத்தைக் கட்டியும் விட்டாள். மேலே மாமாவின் பெயர், கீழே ஒரு தென்னை மரப் படம், நடுவில் வெள்ளையாக இடம். மாமா பூதக்கண்ணாடியை எடுத்து முழுசாகச் சோதித்தார். பொடி எழுத்து எங்கும் இல்லை. ரினியூவலும் இல்லை. மார்க் போட எதிரில் கஸ்டமர் கேர் ஆளும் இல்லை. முகம் தொங்கிவிட்டது.

“சொல்லுங் மாமா, மொதல்ல என்னத்தப் போடறது? மழைக் கதையா, கோயில் கதையா?” என்று அவள் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மாமா நோட்டைத் திறந்து, ஒரு புதுப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார்.

“அதெல்லாம் யோசிக்கோணும்னுதானே கண்ணு, நான் இத்தன நாளா வாங்காம இருந்தேன்!”