ஏதோ போகுதுங்க

கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. 'உங்கள் வேலையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைக் குறிக்கவும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.' திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடி அறையில், இடுப்பில் கைலியும் மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"திருப்தின்னா? கம்பெனில சாப்பாடு போடுறாங்களா?" என்றாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு மூன்று இடங்களில்தான் புழக்கம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வருகிறவரிடம், "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். பழனிக்குப் போய் வந்தவர், "கூட்டமே இல்ல, திருப்தியான தரிசனம்" என்பார். பெண் பார்த்துவிட்டு வந்த பெரியவர், "எங்களுக்குத் திருப்தி" என்று சொல்லி வெற்றிலையை மடிப்பார். வேலைக்கும் இந்தச் சொல்லுக்கும் யாரும் சம்பந்தம் பேசியதாகத் தெரியவில்லை. "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் முதல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர் வரை ஒரே பதில்தான்: "ஏதோ போகுதுங்க."

வேலையில் திருப்தியா என்று இப்படிக் கேட்டுக் கணக்கெடுப்பதை முதலில் ஆரம்பித்துவைத்தவர்களில் ராபர்ட் ஹாப்பாக் என்ற அமெரிக்கர் ஒருவர். 1935-ல் 'வேலைத் திருப்தி' என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூரைப் பிடித்து, அங்கே வேலை பார்க்கும் பெரியவர்களிடமெல்லாம் கேட்டார். பெரும்பாலோர் திருப்தி என்றுதான் சொன்னார்களாம். அந்த ஊரின் பெயர் நியூ ஹோப், புது நம்பிக்கை. அப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் ஊர்ப் பெயரைப் பாருங்கள். திண்டு போல ஒரு கல். மதுரை ரோட்டிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொள்ளத் தோதாகத்தான் தெரியும். கிட்டே போனால் கல். இதுவரை நான் பார்த்த எல்லா உத்தியோகமும் இதே தினுசுதான்.

எங்கள் தாத்தா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் இருந்தார். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். ரிட்டையராகிப் பத்து வருஷமாகியும், மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு இன்னமும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பார். தாத்தாவை அவருடைய அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பட்டறையில் உட்கார வைத்தார். அதே தாத்தா என் அப்பாவிடம், "அரத்தைத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லி மில்லுக்கு அனுப்பினார். அப்பா என்னிடம், "மில்லு இருக்கிற திசையில தலவச்சுப் படுக்காத" என்று சொல்லி இஞ்சினியரிங்கில் சேர்த்தார். தான் பார்த்த வேலையைத் தவிர வேறு எதுவானாலும் சரி. இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டில் வேலை தேர்ந்தெடுக்கும் முறை இதுதான்.

நான் பிளஸ் டூ முடித்தது 2009-ல். கலந்தாய்வு சென்னையில் நடந்தது என்று அண்ணா பல்கலைக்கழகம் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையான கலந்தாய்வு அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. சித்தப்பா, "மெக்கானிக்கல் எவர்கிரீன்" என்றார். மாமா, "சிவில எடு. வீடு கட்டாம மனுசன் இருப்பானா?" என்றார். அவர் வீடு பாதி கட்டி நின்றுபோயிருந்தது. என்னை வைத்து முடித்துவிடலாம் என்று கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் எதற்கும் கம்ப்யூட்டரே நல்லது என்றார். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. அதில் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது அத்தை ஒருத்திதான். அதுவும் டீயா காபியா என்பதற்காக.

மெக்கானிக்கல் ஜெயித்தது. 2013-ல் நாங்கள் வெளியே வந்தபோது எவர்கிரீனுக்கு இலையுதிர்காலம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிரெய்னி என்று எடுத்தார்கள். ரூம் வாடகை, மெஸ் கணக்கு, சனிக்கிழமை ஊருக்கு வர பஸ் காசு மூன்றும் போக, மாதக் கடைசியில் அப்பாதான் எனக்குப் பணம் அனுப்பினார். வேலைக்குப் போகிற மகனுக்கு மில் ரிட்டையர்மெண்ட் பணத்திலிருந்து சம்பளம் போட்ட தகப்பன் எங்கள் தெருவிலேயே அவர் ஒருத்தர்தான் என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டிலும் அதே கதை என்று பிறகு தெரிந்தது.

ஊர் திரும்பினேன். அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று சொல்லிவைத்தவர் எந்தக் காலத்து ஆளோ, இன்று கோச்சிங் சென்டர்கள் எல்லாம் சேர்ந்து அவருக்குச் சிலை வைக்கலாம். மூன்று வருஷம் குரூப் 4-க்குப் படித்தேன். காலையில் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் செருப்பு வரிசை நின்றுவிடும். ஃபேனுக்குக் கீழே இடம் பிடிப்பதுதான் முதல் தாள். பல்லவர் யார், பாண்டியர் யார், பதவிக்கு வந்த ஆண்டு எது என்று உலகத்தில் எல்லோருடைய உத்தியோக விவரமும் எனக்கு மனப்பாடம்; என்னுடையதைத் தவிர.

பிறகு ஒரு வழியாக ஐடியில் வேலை கிடைத்துச் சென்னை போனேன். ஆனாலும் தொட்டில் பழக்கம் மாதிரி 2022-ல் மறுபடியும் ஒருதரம் குரூப் 4 எழுதினேன். அந்த வருஷம் 7,301 இடத்துக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். 2011 கணக்குப்படி திண்டுக்கல் நகரத்து ஜனத்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். அதாவது கைக்குழந்தை, கிழவி எல்லோரும் சேர்த்து பத்துத் திண்டுக்கல் எழுந்து நின்று ஒரே வேலையைக் கேட்கிறது. ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். நடுத்தரமான ஒரு கல்யாணக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பந்தியில் இலை ஒன்று. பரீட்சை நடந்தது ஜூலை 24, ஆடி மாதம் என்பதால் மண்டபங்களும் காலியாகத்தான் கிடந்தன. இத்தனைக்கும் தகுதி பத்தாம் வகுப்பு. என் பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எம்.ஃபில்., பின்னால் இருந்தவர் என்னைப் போல பி.இ. பத்தாவது மட்டும் படித்தவர் யாராவது உண்டா என்று திரும்பிப் பார்த்தேன். கண்காணிப்பாளர் முறைத்தார்.

நடுவில் கொரோனா வந்து, 2020-ல் கம்பெனி எங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. லேப்டாப்போடு திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். அதிலிருந்து பெண் பார்க்கும் படலத்தில் ஒரு புதுச் சிக்கல். வந்தவர்களில் ஒரு பெரியம்மா கேட்டார்: "தம்பிக்குக் கம்பெனி எங்க?"

"மாடில" என்றாள் அம்மா, உள்ளதை உள்ளபடி.

"அப்ப வீட்டுலதான் இருக்காரா?" என்று அவர் இழுத்த இழுப்பில், என் ஏழு வருஷ அனுபவமும் மாடிப்படியில் உருண்டு கீழே வந்தது. அந்த நேரம் பார்த்து மீட்டிங் அழைப்பு வர, நான் மேலே ஓடினேன். சட்டை சரியாக இருந்தது. கைலியை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பிறகு தகவல் ஏதும் வரவில்லை.

இப்போது வருகிற பிள்ளைகள் வேறு மாதிரி. சித்தி மகள் இரண்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டாள். "என்னடி, பஸ்ஸு மாறுற மாதிரி மாறுற?" என்று அப்பத்தா கேட்டதற்கு, "திண்டுக்கல்ல பொறந்துட்டு மாறாம இருக்க முடியுமா அப்பத்தா? இது ஜங்ஷன்" என்றாள். பேச்சு சரிதான். திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நாலு திக்கிலும் தண்டவாளம் போகிற ஊர். அத்தை மகன் ஐடி வேலையை உதறிவிட்டு ஒரு பிரியாணிக் கடை போட்டான். 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலை ஆரம்பித்து, அவர் கட்டிய தலைப்பாகையே பிற்பாடு ஊர் ஊராகப் பலகையானது. இவனும் முதல் நாளே தலைப்பாகை வாங்கிவிட்டான். சமையல் மாஸ்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தான். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் மூடினான். இப்போது பழைய கம்பெனியிலேயே இன்னும் கூடுதல் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத் தொழில்முனைவோர் அனுபவம் என்று பயோடேட்டாவில் போட்டிருந்தானாம்.

படிவம் வந்த வாரம்தான் தாத்தாவின் பழைய பூட்டு ஒன்று பரணில் அகப்பட்டது. மாங்காய்ப் பூட்டு, பூட்டிய நிலையில், சாவி இல்லை. அப்பா சொல்ல, நாகல் நகருக்கு எடுத்துக்கொண்டு போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். குறியீடு வந்த அளவுக்குத் தொழில் பழகப் பையன்கள் வரவில்லை. பட்டறையில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். வெட்டாத சாவி ஒன்றை நுழைத்து, லேசாகத் திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே லீவர் இடித்த இடத்தில் முடி மாதிரி ஒரு தடம். அதை அரத்தால் ராவினார். மறுபடி நுழைத்தார், மறுபடி ராவினார். இப்படி முக்கால் மணி நேரம். நடுவில் கேட்டார்:

"தம்பி என்ன வேல பாக்குறீங்க?"

"ஐடிங்க."

"அதுல என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. ஐடி என்றதோடு நிறுத்திக்கொள்வார்கள், நானும் நிறுத்திக்கொள்வேன். ஏனோ அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "வெளிநாட்டு ஆபீஸுல இருக்கவங்க அவங்க பாஸ்வேர்ட மறந்துட்டா கம்ப்யூட்டர் தொறக்காதுங்க. எங்களுக்குச் சொல்வாங்க. நான் இங்கிருந்து பழசை அழிச்சுட்டுப் புதுசு போட்டுக் குடுப்பேன்."

அரம் நின்றது. "அடப்பாவி, இது நம்ம வேலயில்ல?" என்று சிரித்தார்.

தாத்தா பயந்தது நடந்துவிட்டது. அரத்தைத் தொடாமலேயே, பி.இ. படித்து, மூன்று வருஷம் பல்லவர்களைப் படித்து, பேரன் சுற்றிச் சுற்றிப் பூட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

"தொறந்தா சத்தம் கேக்குமா?" என்றார்.

"கேக்காதுங்க. டிக்கெட் க்ளோஸ்னு ஒரு மெசேஜ் வரும்."

"சத்தமில்லாம எப்படித்தான் நம்புறீங்களோ" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. வளையம் மேலே எழும்பியது. அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் ஒரு பூட்டு திறந்ததற்கு ஒரு மனிதர் அப்படி நிமிர்ந்து உட்கார்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எண்பது ரூபாய் கேட்டார். நூறு கொடுத்து, "வச்சுக்கங்க" என்றேன். டப்பாவைத் துழாவி இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த பூட்டை எடுத்தார்.

"உங்களுக்கு இந்த வேலை திருப்தியா?" என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. மத்தியானம் சாப்பிட்டதைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். "தொழில் எப்படிப் போகுது?" என்று மாற்றிக் கேட்டேன்.

"ஏதோ போகுதுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிவத்தில் மூன்றைக் குறித்து அனுப்பிவிட்டேன். 'ஏதோ போகுதுங்க' என்பதற்கு அதில் இருக்கும் எண் அதுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் சாவி தொலைந்த பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்று கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் வரும்போது கையோடு நாகல் நகருக்கு எடுத்து வாருங்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள், இருட்டினால் அவருக்குத் தடம் தெரியாது.