தாரதம்மிய விளக்கம்: இணைய வேட ஆட்டங்களில் கடினம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆராயத்தக்க விஷயங்கள் யாவும் ஆராயப்பட்டுவிட்டன என்று பண்டிதர்கள் ஓய்ந்திருக்கும் இக்காலத்தில், மேட்டூர் வட்டத்து ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஷிப்டு முடிந்தபின் டீக்கடைப் பலகையில் அமர்ந்து கைப்பேசித் திரையில் அரக்கரோடு பொருதும் இளைஞர்கள் அன்றாடம் எழுப்பும் ஒரு பிரச்னை மட்டும் எவருடைய கடாட்சமும் படாமல் கிடக்கிறது. வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு லெவல் லெவலாக உயரும் இணைய ஆட்டங்களில், ‘பாஸ்’ எனப்படும் அரக்கர் தலைவனுக்கு எவ்வளவு வலிமை இருத்தல் தர்மம் என்பதே அது.

முதற்கண் பிரத்தியட்சப் பிரமாணம். “இந்த பாஸ் ரொம்பக் கஷ்டமுங்ணா” என்று தம்பி முறையிட, “பாஸ் ஈசிதான்டா, உனக்குத்தான் ஆடத் தெரியல” என்று அண்ணன் தீர்ப்பளிக்கிறான். அடுத்த லெவலில் தானே மாண்டு விழுந்த கணத்தில், ஆட்டத்தைப் படைத்தவனுக்குப் புத்தியில்லை என்றும் அவனே தீர்ப்பளிக்கிறான். இதிலிருந்து அனுமானத்தால் பெறப்படுவது யாதெனில், ஒவ்வொருவனும் தான் நேற்று வென்ற இடம்வரை நியாயமென்றும், இன்று தோற்ற இடத்தில் அநியாயம் தொடங்குவதாகவும் கருதுகிறான் என்பதாம். அவன் அரும்பாடுபட்டு வென்ற பாஸின் பலத்தைக் கம்பெனி பிற்பாடு குறைத்துவிட்டாலோ, தன் பிதிரார்ஜித சொத்து களவு போனாற்போல் கூக்குரலிடுகிறான்.

ஆட்டக்காரர் மூவகையினர். இராமுழுதும் விழித்து ஆடுவோர் உத்தமர். ஷிப்டுக்கும் உறக்கத்துக்கும் நடுவே ஆடுவோர் மத்திமர். வேலையும் பார்த்து, உறங்கவும் செய்து, வீட்டாரோடு நாலு வார்த்தை பேசவும் துணிவோர் அதமர். ஆதலின் திறமை எனப் போற்றப்படுவதில் பெரும்பங்கு ஓய்வுநேரமே என்பது தெளிவு. காசு கொடுத்து வாளும் கவசமும் வாங்குவோர், சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கினோரைப் போல வரிசைக்கே புறம்பானவர்களாதலால், இப்பாகுபாட்டில் அடங்கார்.

மேனாட்டார் இவ்விஷயத்தில் பட்ட பாடும் ஈண்டுக் கருதற்பாலது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் ‘மோல்டன் கோர்’ என்னும் குகை 40 பேர் ஒருங்கே புகுவதற்கென அமைக்கப்பட்டது. 40 பேரை ஒரே இரவில் திரட்டுவது அரக்கனைக் கொல்வதினும் அரிதாக இருந்தமையால், 2007இல் பெரும்படையின் தொகை 25 ஆயிற்று. 2011இல் முன்பின் அறியாதாரையும் ஆட்டமே கூட்டிச் சேர்த்து, எளிதாக்கப்பட்ட குகைக்குள் அனுப்பும் முறை வந்தது. அதமர் மகிழ்ந்தனர், உத்தமர் வெகுண்டனர்.

சதுரங்கத்தில் இச்சிக்கல் இல்லையே என்பது பூர்வபட்சம். அர்பாத் ஏலோ என்னும் பௌதிகப் பேராசிரியர் வகுத்த தரக்கணக்கை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் உலகக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டன; அது போல் எண் கொடுத்து ஒத்தாரை ஒத்தாரோடு சேர்த்தால் போதாதோ எனின், போதாது. அக்கணக்கு எதிரிகளைப் பொருத்துவதற்கு உரியது. அண்ணனும் தம்பியும் ‘பார்ட்டி’ எனப்படும் ஒரே அணியில் ஆட விரும்புகையில் அது செய்யக்கூடியது அவர்களைப் பிரித்து வைப்பது ஒன்றே. அண்ணனின் லெவலைத் தம்பியின் லெவலுக்கு இறக்கினாலும், எண் இறங்குமேயன்றி விரலின் வேகம் இறங்காது.

இனிச் சித்தாந்தம். கோயில் மண்டபத் தளங்களில் கட்டம் கீறி நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலியின் பல்லைப் பிடுங்கவுமில்லை, ஆட்டுக்குக் கொம்பு சீவவுமில்லை. தாவி வெட்டுதல் புலியின் தொழில், சூழ்ந்து அடைத்தல் ஆட்டின் தொழில் என வேறு வேறு கடமை விதித்தே சமன் கண்டனர். தெருப்பிள்ளைகளோ ஒருபடி மேற்சென்று, ஓடத் தெரியாத சிறுவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்து, அவன் அவுட்டானாலும் கணக்கில் வையாது, ஆட்டத்தின் மகிழ்ச்சியில் மட்டும் முழுப்பங்கு அளித்தனர். ஆகவே பாஸின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண். வலியவனுக்கும் எளியவனுக்கும் ஒரே களத்தில் தனித்தனி வேலை கொடுப்பதே ஆட்டம் படைப்போர் கடன். அவர்கள் அதை உணரும்வரை, ஜலகண்டாபுரத்து அண்ணன்மார்க்கு ஒரு விண்ணப்பம்: தம்பி விழுந்தால் வையும் நேரத்தில் அவனுக்கு ரிவைவ் கொடுத்து எழுப்பிவிடுங்கள், அதற்கு எந்த லெவலும் வேண்டியதில்லை.