ஈயடிச்சான் காப்பி

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் போனவர்களுக்கு டேஞ்சரஸ் டேவைத் தெரிந்திருக்கும். சிவப்புத் தொப்பிக்காரன். அவன் திரையின் ஓரத்துக்கு ஓடினால், மொத்தக் காட்சியும் நெஞ்சுவலி வந்ததுபோல் ஒருமுறை இழுத்து நகரும். நாமும் அதைச் சகித்துக்கொண்டு கோப்பையைத் தேடினோம். வேறு வழி? அன்றைய பிசி, கணக்கெழுதப் பிறந்த குமாஸ்தா. அதை ஓடச் சொன்னால் மூச்சிரைக்காதா?

டேவைப் பெற்றவர் ஜான் ரொமேரோ. 1990-இல் அவர் வேலை பார்த்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் ஊரில், சாஃப்ட்டிஸ்க் என்ற கம்பெனியில். சந்தாதாரர்களுக்குப் பத்திரிகையை ஃப்ளாப்பியில் போட்டு அனுப்புவது அவர்கள் தொழில். அங்கே ஜான் என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள். கார்மாக் என்றாலும் இரண்டு பேர். ஜான் கார்மாக் புரோகிராமர், ஏட்ரியன் கார்மாக் ஓவியர். சொந்தமெல்லாம் இல்லை, சும்மா அமைந்த பெயர்ப்பொருத்தம்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி. ஜான் கார்மாக்குக்கு வயது 20. நகரும் காட்சிக்காகத் திரை முழுவதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்தால்தானே பிசி திணறுகிறது? சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மட்டும் பூசினால் போதாதா? நீலவானக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலவானக் கட்டம் என்றால் அதை ஏன் தொடவேண்டும்? மாறிய கட்டத்தை மட்டும் வரைந்தார். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது.

கண்டுபிடித்தாயிற்று, எதை ஓட்டிக் காட்டுவது? கூட வேலை பார்த்த டாம் ஹால், 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டை டிவியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி, முதல் லெவலைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எழுதினார். ஈயடிச்சான் காப்பி. மேரியோ இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் நம்ம டேவ். விடிவதற்குள் முடித்து, ஃப்ளாப்பியை ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். தலைப்பு, 'டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்'. காப்புரிமை மீறலில் டேவ்! திருடனே முதல் தகவல் அறிக்கையும் எழுதிக் கொடுத்த மாதிரி. காலையில் அதைப் பார்த்த ரொமேரோவுக்கு அன்று வேலை ஓடவில்லை.

அடுத்து முழு மேரியோவையே பிசிக்குச் செய்து, மேரியோவின் சொந்தக்காரரான நிண்டெண்டோவுக்கு அனுப்ப ஆசை. வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் காரில் ஏற்றி ஏரிக்கரை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோவது, திங்கள் காலை சத்தமில்லாமல் திருப்பி வைப்பது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நிண்டெண்டோ பார்த்தது, பிசி பக்கம் வருவதாக உத்தேசமில்லை என்றது.

இதற்கிடையில் ரொமேரோவுக்கு ரசிகர் கடிதங்கள் குவிந்தன. பூரித்துப்போய்ச் சுவரில் ஒட்டிவைத்தார். ஒருநாள்தான் கவனித்தார்: பெயர்கள் வேறு வேறு, விலாசம் மட்டும் ஒன்றே. எழுதியவர் டெக்சாஸின் ஸ்காட் மில்லர், அபோஜி கம்பெனிக்காரர். நேரடியாக எழுதினால் முதலாளி பிரித்துப் படித்துவிடுவாரே என்று இந்த மாறுவேடம். ரொமேரோ திட்டி எழுதினார். அதுதான் மில்லருக்கு வேண்டியிருந்தது. பேச்சு 2,000 டாலர் முன்பணத்தில் முடிந்தது.

மில்லரின் வியாபாரம் கடலை வண்டிக்காரருடையது: ஒரு கை சும்மா கொடு, ருசித்தவன் பொட்டலம் கேட்பான். மூன்று பாகத்தில் முதல் பாகம் இலவசம். யாரும் பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். மற்ற இரண்டுக்குத் தபாலில் காசு அனுப்பவேண்டும். ராத்திரிகளில், அதே ஆபீஸ் கம்ப்யூட்டர்களில், 'கமாண்டர் கீன்' பிறந்தான். எட்டு வயதுப் பையன், அண்ணனின் ஃபுட்பால் ஹெல்மெட், ஏறிக் குதிக்க ஒரு ஸ்பிரிங் கம்பு. 1990 டிசம்பர் 14 அன்று வெளியானான். முதல் காசோலை 10,500 டாலர்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. போலீஸுக்குப் போகவில்லை, வேலையை விட்டபிறகும் எங்களுக்குக் கேம் செய்து கொடுத்துக்கொண்டிருங்கள் என்று ஒப்பந்தம் போட்டார். 1991 பிப்ரவரியில் இட் சாஃப்ட்வேர் என்று தனிக்கடை திறந்தார்கள். பிற்பாடு 'டூம்' செய்ததும் இந்தக் கோஷ்டிதான். அது வேறு கதை, ரத்தம் அதிகம்.

நிண்டெண்டோ வேண்டாமென்ற அந்த மேரியோ பிரதியின் ஃப்ளாப்பி, 2021-இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரிலுள்ள விளையாட்டு மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. பிட் அடித்த விடைத்தாள், வரிசை எண் போட்டு, பத்திரமாக இருக்கிறது.