எந்த போர்ட்?

கேள்வி: மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு போர்ட் கேம் கொண்டுவந்தார். கப்பல் விட்டுத் துறைமுகம் பிடிக்க வேண்டுமாம். விதிகளே முப்பது பக்கம்! மூன்று மணித்தியாலம் வீட்டோடு குந்தியிருந்தும் முதல் சுற்று முடியவில்லை. இதெல்லாம் ஒரு விளையாட்டா?
— ஒரு வாசகர், மூதூர்

பதில்: மூதூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? இறங்குதுறையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள், அசல் 'போர்ட்' கேம் அங்கேதான் நடந்தது. திருகோணமலையை 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். பிறகு ஒப்பந்தம் போட்டு ஒல்லாந்தருக்கே திரும்பியது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். ஊர்ச்சனத்திடம் ஒருவரும் தாயக்கட்டையை நீட்டவில்லை.

மூன்று மணித்தியாலத்துக்கா அலுத்துக்கொள்கிறீர்கள்? பாய்மரம் ஒடிந்து உங்கள் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார். அடுத்த காய் நகர்த்தப் பத்தொன்பது வருடம்!