ஹொட்டோக் மகிமை

தின் ராசா, தின்! ஆர் வேண்டாமெண்டது? ஸ்காபரோவிலை இருந்து லீவிலை எங்கட தீவுக்கு, சுருவிலுக்கு வந்தனி. பெத்தாச்சி காய்ச்சின ஒடியல் கூழைத் தள்ளி வைச்சுப்போட்டு, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய், ஹொட்டோக் செய்யவெண்டு ஒரு பைக்கற் சொசேஜோடை வந்து நிக்கிறாய். கேட்டால், "அப்பு, நான் ஜிம்முக்குப் போறனான், எனக்குப் புரதம் வேணும்" எண்டுறாய். நல்லது மோனை. உன்ர புயம் பெருக்கவேணுமெண்டு எனக்கும் ஆசைதான். காலமை கிணத்தடியிலை நீ ஒரு வாளி தண்ணி இழுத்த அழகை நானும் பாத்தனான்.

நான் உன்னைப்போலப் படிச்சவனில்லை. ஆனால் காலியிலை கனகாலம் கடை வைச்சுத் தராசு பிடிச்சவன். தீவானுக்கு ஒரு சரக்கைக் காட்டினால், உள்ளுக்கு என்ன கிடக்கு, என்னத்துக்கு இந்த விலை எண்டு பாக்காமல் விடமாட்டான். நீ வாங்கின சரக்கையும் பாப்பம், வா.

மாட்டிறைச்சி ஹொட்டோக் சொசேஜிலை 100 கிராம் எடு. பாதிக்கு மேலை தண்ணி. ஏறக்குறைய 28 கிராம் கொழுப்பு. நீ கடல் கடந்து தேடித் திரியிற புரதம் 11 கிராம் சொச்சம். மிச்சம் மாச்சத்தும் உப்பும். அமெரிக்காவிலை இதுக்கொரு சட்டமே இருக்கு: கொழுப்பு 30 வீதத்துக்கு மேலை போகப்படாது, கொழுப்பும் சேர்த்த தண்ணியுமாய் 40 வீதத்தைத் தாண்டப்படாது. பாத்தியே? நான் பாலிலை ஒரு சிரட்டை தண்ணி விட்டிருந்தால் கள்ளன். அவை சட்டம் வைச்சே தண்ணியை இறைச்சி விலைக்கு விக்கினம். அந்த வியாபாரியைக் கண்டால் எழும்பி நிண்டு கும்பிட வேணும்.

கொஸ்ற்கோக் கடையிலை ஹொட்டோக்கும் சோடாவும் ஒன்றரை டொலர், 1980களிலை வைச்ச விலை இன்னும் ஏறேல்லை எண்டு போனமுறை புழுகினாய். எட மோனை, கடைக்காரன் ஒரு சாமானை நட்டத்துக்கு வித்தாலும் விப்பான். அதை வாங்க வந்தவன் மிச்சத்துக்குத் தள்ளுவண்டி நிரப்பிக்கொண்டு போவான் எண்டு அவனுக்குத் தெரியும். நீ தின்னுறது சொசேஜ் இல்லை, தூண்டில் இரை.

சரி, ஒரு சொசேஜ் 50 கிராம் எண்டு வை. அதிலை புரதம் 5, 6 கிராம். எங்கட கறுத்தப் பேடு இடுற ஒரு முட்டையிலும் அவ்வளவு இருக்கு. பேடு பாவம், கொக்கரிக்கிறதோடை தன்ர விளம்பரத்தை முடிச்சுப்போடும். தம்பாட்டிக் கரையிலை மீன் வாங்கினால், 100 கிராம் சதையிலை 20 கிராம் அளவிலை புரதம். ஜிம் மாஸ்ரரைக் கேள், அவர் இதை ஒரு டப்பாவிலை போட்டு வித்தாலும் விப்பார்.

நியாயத்தையும் சொல்லவேணும். சொசேஜிலை பி12 உண்டு, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் துத்தநாகமும் உண்டு. நார் மருந்துக்கும் இல்லை. உப்புக்கு மட்டும் குறைவில்லை: ஒரு சொசேஜிலை ஒரு கிராமுக்கு மேலை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளை நில் எண்டுது. நீ பணிசிலை வைச்சு, சோஸை ஊத்தி, இரண்டாய்த் தின்னுறாய். உப்பில்லாப் பண்டம் குப்பையிலை எண்டு பழமொழி சொன்ன ஆக்களுக்கு பிரசர்க் குளிசையின்ர விலை தெரியாது.

அந்த இளஞ்சிவப்பு நிறத்திலைதானே மயங்கினனி? அது சோடியம் நைட்ரைட். பைக்கற்றிலை ஈ-250 எண்டும் எழுதியிருப்பினம். அது இல்லாட்டி இறைச்சி சாம்பல் நிறத்திலை கிடக்கும், நீயும் திரும்பிப் பாக்கமாட்டாய். ஆளைக் கொல்லுற பொட்டுலினக் கிருமியைக் கிட்ட விடாமல் காக்கிறதும் அதுதான். அப்பிடிப்பட்ட நல்லவர், உள்ளுக்குப் போய் இறைச்சியிலை உள்ள அமீன்களோடை கூடினால் நைட்ரோசமீன் எண்டொரு கெட்டவராய் மாறுவார். அவரிலைதான் புற்றுநோய்ச் சந்தேகம்.

2015 ஒக்டோபரிலை, உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்திலை 10 நாட்டு நிபுணர்கள் 22 பேர் கூடி, பதப்படுத்தின இறைச்சியை முதலாம் குழுவிலை போட்டினம். புற்றுநோய் தருமெண்டு நிரூபிச்ச சாமான்களின்ர குழு அது. நாளுக்கு 50 கிராம், அதாவது ஒரு சொசேஜ், தினமும் திண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாற வாய்ப்பு 18 வீதம் கூடுமாம். பயந்திடாதை. மேல்நாட்டிலை வாழ்நாளிலை 100 பேரிலை 5 பேருக்கு வாற இடத்திலை 6 பேருக்கு எண்டு வை. அந்த ஆறாவது ஆள் ஆரெண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது.

என்ன சிரிக்கிறாய்? என்ர கொட்டப்பெட்டியைப் பாத்துத்தானே? ஓம், பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெத்திலைக்கூட்டும் அதே முதலாம் குழுதான். சீன முறையிலை உப்பிட்ட மீனும் அங்கைதான் நிக்குது, எங்கட கருவாட்டையும் நீ இழுத்து வரமுந்தி நானே சொல்லிப்போட்டன். ஆனால் ஒண்டு. லைற் இல்லாமல் சைக்கிள் ஓடினவனும் ஆளைக் குத்தினவனும் கோட்டிலை குற்றவாளிதான், தண்டனை ஒண்டே? குழு சொல்லுறது குற்றம் ருசுவாச்சு எண்டதை மட்டும். எவ்வளவு பெரிய குற்றமெண்டதை இல்லை. அந்தக் கணக்கிலை என்ர புகையிலை குத்தினவன், உன்ர சொசேஜ் சைக்கிள்காரன். ஆனால் சைக்கிள்காரனும் ஒவ்வொரு நாளும் லைற் இல்லாமல் ஓடினால் ஒருநாள் மதவுக்குள்ளைதான் கிடப்பான்.

இன்னும் கேள். 2021இலை மிச்சிகன் பல்கலைக்கழகக்காரர் 5,800க்கு மேலை உணவுகளை அளந்து, ஒரு ஹொட்டோக் திண்டால் சுகமாய் வாழுற ஆயுளிலை 36 நிமிசம் குறையுமெண்டு கண்டு சொன்னவை. அதே வருசம் நியூயோர்க்கிலை ஜோயி செஸ்ற்நட் எண்ட மனுசன் 10 நிமிசத்திலை 76 ஹொட்டோக் விழுங்கிப் பரிசெடுத்தார். பெருக்கிப் பார்: 45 மணித்தியாலமும் 36 நிமிசமும். கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆயுளைக் குடுத்து ஒரு பரிசுப் பட்டி வாங்கியிருக்கிறார். உது சராசரிக் கணக்கு, அவருக்கு அப்பிடியே பொருந்தாது எண்டு நீ சொல்லுவாய், அதுவும் சரிதான். ஆனால் ஒரு கை கொட்டை வகை திண்டால் 26 நிமிசம் கூடுமாம். அப்ப ஹொட்டோக் திண்டு முடிய ஒரு பிடி கச்சான் கொறி, நட்டம் 10 நிமிசம்தான். கடைக்காரன் புத்தி எப்பிடி?

கிழமைக்கொருக்கால், அதுவும் ஆசைக்கு, ஒண்டைத் தின். நெருப்பிலை கருக்காதை, அவி. சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதெண்டால் வட்டம் வட்டமாய் வெட்டாதை, தொண்டையிலை அடைச்சுப்போடும். நீட்டுக்குக் கீறிச் சின்னனாய் நறுக்கிக் குடு. புரதம் எண்ட பேரை மட்டும் அதுக்கு வையாதை.

இனிப் பந்தயம். நீ தினம் தின்னுறதை விடு, நான் புகையிலையை விடுறன். நான் தோத்தால் உனக்கொரு ஊர்ச் சாவல் அடிச்சுக் கறி. தோல் எது, எலும்பு எது எண்டு கண்ணாலை பாத்துத் தின்னலாம். நீ தோத்தாலும் அதே சாவல்தான் மோனை, காசு மட்டும் உன்ர டொலரிலை.